வெண்டைக்காய்த் தண்ணீரும் மங்களா எண்ணெயும்

சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரவு வெண்டைக்காயை நறுக்கி ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டுகிறோம். நல்லதா என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீரைக் கவனித்திருக்கிறீர்களா? வெறும் தண்ணீர் போலச் சட்டென்று துணியில் இறங்காது. விரலால் தொட்டு இழுத்தால் நூலாக நீளும், விட்டால் சுருங்கும். பாகுபோல ஓடும் குணமும் ரப்பர்போல மீளும் குணமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. இந்த இரட்டைக் குணத்துக்குப் பெட்ரோல் வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

மணல் வழியாகத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று அளந்து சொன்னவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி. திஜோன் நகரின் குடிநீர் வேலைக்காக அவர் செய்த சோதனை 1856-ல் அச்சில் வந்தது. அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் ஓட்டமும் இரட்டிப்பாகும் என்பது அவர் கண்ட விதி.

எண்ணெய்க்கும் இதே விதிதான். பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கி நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நம் காரிமங்கலத்தில் போர் போட்டால் கெட்டிப் பாறையின் வெடிப்புகளில்தான் தண்ணீர் கிடைக்கும். எண்ணெய் பெரும்பாலும் பாறையின் நுண்துளைகளில் இருக்கிறது. அதைத் தள்ளி வெளியேற்ற ஒரு கிணற்றில் தண்ணீரைச் செலுத்துவார்கள். மேடுபள்ளமான வயலில் பாய்ச்சிய தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவதுபோல, அது சுலபமான வழியில் ஓடிவிடும். கெட்டியான எண்ணெய் பின்தங்கிவிடும். பல வயல்களில் பாதிக்குமேல் பாறையிலேயே தங்கிப்போனது.

1964-ல் அமெரிக்காவில் பை, சாண்டிஃபோர்டு இருவரும் தனித்தனியே ஒரு வழி சொன்னார்கள். தண்ணீரில் சிறிதளவு பாலிமர் கலந்தால் அது கெட்டியாகி, எண்ணெயை ஒரே சீராகத் தள்ளும். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ அளவே போதும்.

ஆனால் 1967-ல் மார்ஷல், மெட்ஸ்னர் என்ற இருவர் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்கள். கருவியில் வைத்துச் சுழற்றினால் வேகம் கூடக்கூட இளகும் அதே கரைசல், நுண்துளைகளில் ஒரு வேகத்தைத் தாண்டினால் திடீரென்று முரண்டு பிடித்தது. டார்சி கணக்கு அங்கே பொய்த்தது. சுருண்டிருக்கும் பாலிமர் இழைகள் குறுகிய துளைகளில் இழுபடுகின்றன, மீண்டும் சுருளுமுன் அடுத்த துளை வந்துவிடுகிறது என்று விளக்கினார்கள். அது மட்டும் போதவில்லை.

2000-ல் குரோய்ஸ்மன், ஸ்டெயின்பர்க் இருவரும் மெதுவாக ஓடும் பாலிமர் கரைசலிலும் வெள்ளச் சுழல்போன்ற கொந்தளிப்பு எழுவதைக் காட்டினார்கள். 2021-ல் பிரின்ஸ்டனில் பிரவுன், தத்தா இருவரும் கண்ணாடி மணிகளை அடுக்கி, உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியும்படி செய்து பார்த்தார்கள். துளைகளுக்குள் அந்தக் கொந்தளிப்பே இருந்தது. அதில் சக்தி வீணாவதால்தான் தடை கூடுகிறது என்று கணக்கோடு நிறுவினார்கள். புதிருக்கு விடை வர 54 ஆண்டுகள் ஆயின.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் 2004-ல் கண்டுபிடித்த மங்களா வயலில் இந்த முறைதான் நடக்கிறது. பெயரில் நம் ஊருக்கு உறவு! அங்கத்திய எண்ணெய் மெழுகு நிறைந்தது. ஆறினால் உறைந்துவிடும் என்பதால் குழாயைச் சூடாக்கியே குஜராத்துக்கு அனுப்புகிறார்கள். 2009-ல் உற்பத்தி தொடங்கி, 2011-ல் பாலிமர் சோதனை நடத்தி, பிறகு வயல் முழுவதற்கும் விரிவாக்கினார்கள். உலகின் மிகப் பெரிய பாலிமர் திட்டங்களில் அதுவும் ஒன்று.

வேகமாகச் செலுத்தினால் பாலிமர் இழைகள் அறுந்துபோகலாம், அழுத்தம் மீறிப் பாறையும் வெடிக்கலாம். மெதுவாகச் செலுத்தினால் உற்பத்தி குறையும். அந்த அளவைச் சொல்ல இந்தப் பழைய ஆராய்ச்சி வேண்டும். கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நமக்கு, பாறையில் தங்கிய ஒவ்வொரு பீப்பாயும் காசுதான்.

நாளைக் காலை வடிகட்டும்போது துணியைப் பார்த்துச் சலித்துக்கொள்ள மாட்டேன்.