வளர்ந்த பிள்ளையும் விலைபோன ஆடையும்: இலண்டன் பழந்துணி வாணிகம் பற்றிய ஓர் ஆய்வு

ஆடை தன்னை அணிந்தாரை விட்டு நீங்குதற்குப் பொதுவாகக் காரணங்கள் மூன்று. துணி நைந்துபோதல் ஒன்று. உடுக்கும் பாணி மாறுதல் மற்றொன்று. உடுத்தவர் இறந்துபடுதல் பிறிதொன்று. குழந்தையின் ஆடைக்கோ நான்காவதாக ஒரு காரணமும் உண்டு. துணி நையாதிருக்கவும், பாணி மாறாதிருக்கவும், உடுத்த குழந்தை நலமே வாழவும், ஆடை மட்டும் பயனற்றுப் போகின்றது. குழந்தை வளர்ந்துவிட்டது என்பதே அக்காரணம். ஆதலின், பழந்துணிக் கடைக்கு வந்து சேரும் பொருள்களுள் இன்னும் உழைக்கும் ஆற்றல் மிகுதியும் எஞ்சி நிற்பது பிள்ளை ஆடையே எனலாம்.

இவ்வியல்பினால் பிள்ளை ஆடையின் விற்பனை தனியே ஆராயத்தக்கதாகின்றது. அதனை 19ஆம் நூற்றாண்டு இலண்டன் மாநகரை முதன்மைக் களமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். தமிழாய்வுக்கும் இலண்டன் தெருவுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவார் இருக்கலாம். எளிய மக்களின் வாழ்க்கை வரலாற்றிற்கு இலக்கியம் எவ்வளவு தூரம் சான்றாகும் என்பது, சங்க நூல்களைக் கையிற்கொண்ட நாம் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா. இலக்கியத்தோடு சட்டமும் நீதிமன்றப் பதிவும் நேரிற்கண்டார் குறிப்பும் ஒருங்கே கிடைக்கும் ஒரு களத்தில் அவ்வினாவை வைத்துச் சோதித்தல் நமக்குப் பயன்தரும் என்பதே எம் விடை.

1. வாணிகத்தின் களம்

இலண்டனில் பழந்துணி வாணிகம் நெடுங்காலமாக நிகழ்ந்து வந்தது. 1598இல் நகர வரலாறு எழுதிய ஜான் ஸ்டோ, ஹவுண்ட்சுடிச் என்னும் பகுதியில் பழைய உடை விற்பார் இருந்தமையைக் குறிக்கின்றார். 18ஆம் நூற்றாண்டில் கோட்டைக்கு அணித்தான ரோசுமேரி லேன் கந்தைச் சந்தைக்குப் பெயர்பெற்று விளங்கியது. செவன் டயல்சு பகுதியை ஒட்டிய மான்மத் தெரு, பழைய உடைகளைக் கடை நிறையத் தொங்கவிட்டு விற்கும் தெருவாகப் புகழ்பெற்றது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வாணிகம் நடந்த முறையை ஹென்றி மேஹ்யூ விரிவாக எழுதியுள்ளார். 1849, 1850 ஆகிய ஆண்டுகளில் நாளிதழில் வெளிவந்த அவர்தம் கட்டுரைகளே பின்னர் இலண்டன் உழைப்பாளரையும் ஏழையரையும் பற்றிய பெருநூலாக விரிந்தன. தெருத்தெருவாகச் சென்று பழந்துணி கொள்வாரும், மண்கலமும் கண்ணாடிக் கலமும் கொடுத்துத் துணியை மாற்றாகப் பெறுவாரும் அந்நூலில் காணப்படுகின்றனர். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வணிகரைத் தம் தெருவிற் கண்ட தமிழர்க்கு இம்முறை புதிதன்று. இவ்வாறு திரட்டிய துணி, 1843ஆம் ஆண்டளவில் ஹவுண்ட்சுடிச்சில் அமைந்த பழந்துணிச் சந்தைக்கு வந்து சேர்ந்தது. அங்கே தரம் பிரிக்கப்பட்ட பின், உடுக்கத்தக்கவை சீர்செய்யப்பட்டு மீண்டும் விலைக்கு வந்தன. பெரியோர் உடையின் நல்ல பகுதிகள் சிறுவர் உடையாக வெட்டித் தைக்கப்பட்டன. ஒன்றுக்கும் உதவாத கம்பளித் துணி, யார்க்சயரின் பேட்லி, டியூசுபரி ஆகிய ஊர்களின் ஆலைகளில் மீண்டும் நூலாக்கப்பட்டது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பெரியோர் உடை சிறுவர் உடையாகச் சுருங்கலாம். சிறுவர் உடை பெரியோர் உடையாதல் அரிது. எனவே பிள்ளை ஆடைக்கு உரிய வழி, பிறிதொரு பிள்ளையைத் தேடிச் செல்வதே. அத்தேடலுக்கு இடைநின்றவன் கடைக்காரன்.

2. வீட்டில் நிகழ்ந்தது

ஆடை கடைக்குச் செல்லுமுன் வீட்டிலேயே நெடும்பயணம் செய்தது. பாவாடைகளிலும் சட்டைகளிலும் அடுக்கடுக்காக மடிப்புத் தையல் இடுவதும், குழந்தை உயருந்தோறும் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து விடுவதும் தாய்மார் அறிந்த முறை. மடிப்புகள் தீர்ந்தபின் ஆடை இளைய பிள்ளைக்குச் சென்றது. இளைய பிள்ளைகளும் வளர்ந்த பின்னரோ, அடுத்த பிள்ளை வரும்வரை காத்திருக்க வீட்டின் வறுமை இடந்தராத பொழுதோதான் அது கடைக்குச் சென்றிருத்தல் கூடும். ஆகவே, பிள்ளை ஆடையை விற்றல் ஒரு குடும்பத்தின் வாழ்வில் ஏதோ ஒன்று முடிந்ததைக் காட்டும் செயல் என்று கொள்ளலாம்.

மேலும், அக்காலத்து எளிய குடும்பத்தில் ஆடை என்பது அணியும் பொருள் மட்டுமன்று. சேமித்து வைத்த பணமுமாம். அடகு வைக்கவும் விற்கவும் கூடிய பொருள் அவ்வீடுகளில் வேறு பெரிதாக இல்லை. பழந்துணி வாணிகம் பற்றிப் பெவர்லி லெமயர் 1980களிலிருந்து வெளியிட்ட ஆய்வுகள், அது நகரின் ஓரத்தே நிகழ்ந்த கழிவு வாணிகமன்று, பொதுமக்களின் நுகர்ச்சியைத் தாங்கி நின்ற ஓர் அடிப்படை வாணிகம் என்பதை நிறுவியுள்ளன. இக்கருத்து பிள்ளை ஆடைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது எம் துணிபு. நாணயம் பெட்டியில் கிடந்தால் மதிப்புக் குறையாது; பெரியோர் மேலாடையும் சில ஆண்டு பொறுக்கும்; பிள்ளை ஆடை மட்டும் அக்குடும்பத்திற்குப் பயன்படும் காலம் குழந்தையின் உடம்பாலேயே வரையறுக்கப்படுகின்றது.

இதனால் வரலாற்றாசிரியருக்கு ஓர் இடர்ப்பாடு நேர்கின்றது. ஏழைக் குழந்தைகளின் ஆடைகள் கைமாறிக் கைமாறித் தேய்ந்து கந்தையானமையின் அருங்காட்சியகங்களில் அவை அரியவாயின. 1741இல் இலண்டனில் திறக்கப்பட்ட கைவிடப்பட்ட குழந்தைகள் காப்பகத்தின் பதிவேடுகள் ஒரு விதிவிலக்கு. குழந்தையைப் பின்னர் அடையாளங்காணும் பொருட்டு அப்பதிவேடுகளில் இணைக்கப்பட்ட துணித்துண்டுகள் 5000க்கு மேல் இன்றும் உள்ளன. விலைக்குச் செல்லாமல் ஏட்டில் தைத்து வைக்கப்பட்டமையாலேயே அவை பிழைத்தன. ஏனையவற்றை நாம் எழுத்திலேதான் தேடவேண்டும்.

3. டிக்கன்சு கண்ட கடை

அவ்வெழுத்துகளுள் தலையாயது, சார்லசு டிக்கன்சு மான்மத் தெருவைப் பற்றி 1836இல் எழுதிய சிறு கட்டுரை. 'பாசு' என்னும் புனைபெயரில் அவர் வரைந்த சித்திரங்களுள் அதுவும் ஒன்று. ஒரு கடையின் முன்னே தொங்கும் சில உடைகளைக் கண்டு, இவை யாவும் ஒரே மனிதனுடையவை என்று அவர் எண்ணுகின்றார். முதலாவது, குறுஞ்சட்டையும் காற்சட்டையும் பொத்தான்களால் பிணைக்கப்பட்ட, ஒட்டுப்போட்ட சிறுவன் உடை. அடுத்தது, பள்ளிக்குச் சென்ற பருவத்துக் கோடுபட்ட முரட்டுத் துணியுடை. எழுதுகோலைத் துடைத்த மைக்கறை அதில் உள்ளது. பின்னர், அலுவலகத்தில் ஏவல் செய்த இளைஞனின் உடை, நைந்ததாயினும் தூயது. அதன்பின் பகட்டும் ஒழுங்கின்மையும் கலந்த உடை. இறுதியில், குற்றத்தில் வீழ்ந்தவனின் முரட்டுச் சட்டை. சிறை, நாடுகடத்தல் அல்லது தூக்கு என அவ்வாழ்வு முடிகின்றது.

பிள்ளைத்தமிழ் புலவர் குழவிப்பருவத்தைக் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி எனப் பகுத்துப் பாடுவர். அங்கே பருவத்தைக் காட்டுவது குழந்தையின் செயல். இங்கே பருவத்தைக் காட்டுவது குழந்தை விட்டுச்சென்ற கூடு. முதல் உடையிலிருந்து இரண்டாம் உடைக்கு மாறுமுன் சிறுவன் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டான் என்பதைக் கண்டு, பெற்றோர் நேர்மையானவர், ஆனால் செல்வம் மிக்கவரல்லர் என்று டிக்கன்சு உய்த்துணர்கின்றார். வளர்ச்சிக்கும் புத்தாடைக்கும் இடையே கழிந்த காலமே வறுமையின் அளவுகோல் என்பது இதன் உட்பொருள். இஃது ஓர் அரிய வரலாற்று நோக்கு.

ஆயினும் இக்கட்டுரையை அப்படியே சான்றாகக் கொள்ளல் இயலாது. ஒருவன் சிறுவனாய் இருந்தபோது கழித்த உடையும், பல்லாண்டு கழித்துக் களைந்த உடையும் ஒரே கடையில் ஒருங்கே தொங்குதல் எவ்வாறு? சரக்கு கைமாறினால்தான் பழந்துணிக் கடைக்காரனுக்கு ஊதியம். அவன் ஓர் உடையை ஒரு தலைமுறைக்காலம் காத்துவைத்திரான். இவ்வெண்ணம் விந்தையானதென்று டிக்கன்சே ஐயுற்று, மீண்டும் நோக்கித் தம் முடிவையே வலியுறுத்திக்கொள்கின்றார். எனவே, அத்தனி மனிதனின் கதை கற்பனை. உடையின் கறை, ஒட்டு, இறுக்கம் ஆகியவை காட்டும் வாழ்க்கைமுறை உண்மை. இவ்விரண்டையும் பிரித்தறிதலே ஆய்வாளன் கடமை.

4. வளர்ச்சியா, இழப்பா?

டிக்கன்சு அக்கடையில் வளர்ச்சியைக் கண்டார். ஆயின், கடையில் தொங்கும் ஒரு சிற்றாடை, அதை உடுத்த குழந்தை வளர்ந்தது என்பதை மட்டுந்தான் கூறுமா? 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளுள் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 150 ஓராண்டு நிரம்புமுன் இறந்தன. ஆகவே நையாத சிற்றாடை விலைக்கு வருதற்குக் காரணம் இரண்டு. குழந்தை அதனைக் கடந்திருக்கலாம். அல்லது அதனைக் கடக்கும் நாள் அதற்கு வாராமலே போயிருக்கலாம். துணி இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. வாங்கும் தாயும் அதை அறியாள்.

அவ்வறியாமையில் அச்சமும் இருந்தது. நச்சுக்காய்ச்சல் கண்ட வீட்டு ஆடை நோயைக் கொண்டுவரும் என்னும் கருத்துச் சட்டமாகவே வடிவெடுத்தது. 1866ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டமும், 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமும், தொற்றுக்கு உள்ளான உடையையும் படுக்கையையும் தூய்மை செய்யாமல் கொடுத்தலும் விற்றலும் குற்றம் எனக் கூறி, 5 பவுன் வரை தண்டம் விதித்தன. வறியவளுக்கு அக்காசு இன்றியமையாதது. வாங்குபவளுக்கோ அவ்வாடை ஆபத்தாகலாம். சட்டம் இவ்விருவருக்கும் இடையே நின்றது.

மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது, அது களவு. குழந்தைகளை இனிப்புக் காட்டி ஒதுக்கிடத்திற்கு அழைத்துச் சென்று உடையை உரிந்துகொள்ளும் குற்றத்திற்கு, 1862இல் வெளிவந்த மேஹ்யூ நூலின் இறுதித் தொகுதியில் தனிப்பகுதியே உள்ளது. நீதிமன்றப் பதிவுகளும் இதற்குச் சான்று. டிக்கன்சின் 'டாம்பியும் மகனும்' என்னும் புதினத்தில் (1846–48) வழிதவறிய சிறுமி புளோரன்சின் நல்லுடையைக் கிழவி ஒருத்தி பறித்துக்கொண்டு, கந்தையை உடுத்தி அனுப்பும் நிகழ்ச்சி வெறும் கற்பனையன்று என்பது இதனால் பெறப்படும். 'டேவிட் காப்பர்பீல்டு' புதினத்திலோ (1849–50) சிறுவனே தன் உடையை விற்கின்றான். 18 பென்சு கேட்ட உள்சட்டைக்கு 9 பென்சே கிடைக்கின்றது. குழந்தையின் ஆடைக்குச் சந்தை எப்பொழுதும் இருந்தது. அதனை விற்பவர் யார், எவ்வுரிமையால் விற்கின்றார் என்னும் கேள்வி அச்சந்தையில் எழவில்லை.

5. காசில்லாத மாற்று

இவ்வாணிகத்தின் பொருளை ஒரு போர் மாற்றியது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941 சூன் 1ஆம் நாள் பிரித்தானிய அரசு உடைப் பங்கீட்டை அறிவித்தது. முதலாண்டில் ஒருவருக்கு 66 சீட்டுகள். குழந்தைகளின் உடைக்குக் குறைந்த சீட்டே போதும் என்று விதித்தும், விரைந்து வளரும் பிள்ளைகளுக்கு மிகைச் சீட்டு வழங்கியும், வளர்ச்சி ஒரு தனித் தேவை என்பதை அரசு ஏற்றுக்கொண்டது. 1938இல் தொடங்கப்பெற்ற மகளிர் தொண்டர் பணிப்படையினர், பிள்ளை ஆடை மாற்று நிலையங்களை ஊர்தோறும் நடத்தினர். தாய் சிறிதாகிவிட்ட உடையைக் கொண்டுவந்தாள்; அதற்குரிய புள்ளிகள் கணக்கிடப்பட்டன; அப்புள்ளிகளுக்கு ஈடாகப் பெரிய உடையை எடுத்துச் சென்றாள். காசு கைமாறவில்லை. பங்கீடு 1949 மார்ச்சு 15ஆம் நாள் முடிவுற்றது.

அந்நிலையத்தில் நிகழ்ந்ததும் மான்மத் தெருவில் நிகழ்ந்ததும் செயலால் ஒன்றே. ஒரு பிள்ளை விட்ட ஆடையை மற்றொரு பிள்ளை உடுத்தது. ஆயினும் வேறுபாடு பெரிது. மான்மத் தெருவில் தாய் விற்றாள். அவளுக்குக் கிடைத்தது உணவுக்கோ வாடகைக்கோ சென்றிருக்கலாம். குழந்தைக்கு அடுத்த ஆடை கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. மாற்று நிலையத்திலோ ஆடையின் மதிப்பு ஆடையாகவே குழந்தைக்குத் திரும்பியது. செல்வர் வறியர் என்னும் வேறுபாடின்றி யாவர்க்கும் துணி அரிதானமையால், பிறர் பிள்ளையின் ஆடையை உடுத்தல் இழிவு என்னும் நாணமும் ஓரளவு தளர்ந்தது எனலாம்.

6. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. முதலாவது, பிள்ளை ஆடையின் விற்பனை கழிவுப்பொருள் வாணிகமன்று. பயன்தீராத பொருளின் வாணிகம். இரண்டாவது, அதன் நன்மையும் தீமையும் துணியைப் பொறுத்தன அல்ல. விற்றுவந்த மதிப்பு குழந்தைக்கே மீள்கின்றதா என்பதைப் பொறுத்தன. மூன்றாவது எம் முதல் வினாவுக்கு விடையாவது. இலக்கியம் இக்களத்தில் நம்பத்தக்க சான்றே. ஒட்டையும் கறையையும் இறுக்கத்தையும் டிக்கன்சைப் போல நுணுகிக் கண்டவர் அரியர். ஆனால் அவர் காணாது விட்டதும் ஒன்றுண்டு. உடையை உடுத்த சிறுவனை அவர் கற்பனையால் மீட்டார். தாயையும் அக்கதையுள் வைத்தார். அவ்வுடையைக் கடைக்குக் கொண்டுவந்து, விலைபேசி, வெறுங்கையோடு நின்று காசை எண்ணிப் பெற்றவளை அவர் காட்டவில்லை.

பழைய மான்மத் தெரு பின்னர் ஷாப்ட்சுபரி அவென்யூ என்னும் பெருஞ்சாலையுள் மறைந்தது. இன்று அப்பெயர் தாங்கி நிற்பது வேறொரு தெரு. அங்கு விற்றவர்களின் பெயர்களும் அவ்வாறே மறைந்தன. இலக்கியம் எதைக் காட்டுகின்றது என்பதோடு, எவரைக் காட்டாது விடுகின்றது என்பதையும் சேர்த்து வினவும்போதுதான் அது வரலாற்றிற்கு முழுச் சான்றாகும். நம் பழம்பனுவல்களை ஆராய்வார்க்கும் இவ்வினா உதவும் என நம்புகின்றோம்.