தரையில் சிந்தினது எவ்வளவு நேரமா கிடந்தது?

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு சூப்பர் மார்க்கெட் தரையைப் பத்தி.

1974 ஜூன் 29. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம், ஸ்மித்டவுன் ரோட்டில் இருக்கும் டெஸ்கோ கடை. ஒரு பெண்மணி கம்பிக்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு சாமான் எடுத்துக்கொண்டிருந்தார். காலுக்கடியில் ஏதோ பிசுபிசுன்னு இருந்தது, வழுக்கி விழுந்துவிட்டார். என்னன்னு பார்த்தா, தரையில் சிந்திக் கிடந்த ரோஸ் கலர் யோகர்ட். பெரிய அடி இல்லை. வழக்குப் போட்டார், கீழ்க் கோர்ட்டில் அவருக்குக் கிடைத்த நஷ்டஈடு 137 பவுண்டு 50 பென்ஸ். அந்தத் தொகைக்காக டெஸ்கோ அப்பீல் போனது. அப்படிப் போனதால்தான் ஐம்பது வருஷம் கழித்தும் சட்ட மாணவர்கள் அந்த யோகர்ட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் அப்பீல்? கடைக்காரர் தரப்பு வாதத்தை நியாயமாவே கேட்டுப் பாருங்க. யோகர்ட்டைக் கொட்டியது கடை ஊழியர் என்று யாரும் சொல்லவில்லை. இன்னொரு வாடிக்கையாளர் அரை நிமிஷத்துக்கு முன்னாடி தட்டிவிட்டிருக்கலாம். அரை நிமிஷத்தில் எந்தக் கடைக்காரர் ஓடிவந்து துடைக்க முடியும்? அப்போ அது ரொம்ப நேரமா அங்கே கிடந்தது என்பதை விழுந்தவர்தானே நிரூபிக்கணும்?

பெரிய கடைகளில் அடிபட்டவர்களின் சட்ட வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்விதான். சிந்தினது எவ்வளவு நேரமா கிடந்தது, அதை யார் நிரூபிக்கணும்? விழுந்தவர் கையில் கடிகாரத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டா வந்தார்?

அந்தப் பெண்மணி ஒரு காரியம் செய்தார், எனக்கு ரொம்பப் பிடித்தது. சுமார் மூணு வாரம் கழித்து அதே கடைக்குப் போனபோது தரையில் ஆரஞ்சு ஸ்குவாஷ் கொட்டிக் கிடந்ததைப் பார்த்தார். அங்கேயே நின்று கவனித்தார். கால் மணி நேரம் ஆகியும் யாரும் துடைக்க வரவில்லை. அதையும் கோர்ட்டில் சொன்னார். டெஸ்கோ தரப்பிலோ, வாரத்துக்குச் சுமார் பத்து தடவை இப்படிச் சாமான் சிந்துகிறது, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை பெருக்குகிறோம், சிந்தியதைப் பார்த்த ஊழியர் அங்கேயே நின்று ஆளைக் கூப்பிடணும் என்றார்கள். ஆனால் விழுந்த அன்றைக்கு அந்த இடத்தைக் கடைசியாக எப்போது பெருக்கினார்கள் என்பதற்குச் சாட்சியே கொடுக்கவில்லை. மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் பெண்மணி பக்கம். தரையில் அப்படி ஒரு பொருள் கிடந்தாலே கடைக்காரர் விளக்கம் சொல்லியாகணும், சொல்லலைன்னா தோற்கணும் என்றார்கள். ஆர்ம்ராட் என்ற நீதிபதி மட்டும், கடை எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் இந்த விபத்து நடந்திருக்கலாமே என்று மாறுபட்டார். அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கு, சும்மா ஒதுக்க முடியாது.

இந்த யோசனைக்கு மூலம் அதே லிவர்பூலில்தான் இருக்கு. ஸ்காட்லாந்து ரோட்டில் ஒரு மாவு வியாபாரி கடை. தெருவில் நடந்துபோனவர் மேல் மாடி ஜன்னலில் இருந்து ஒரு மாவுப் பீப்பாய் விழுந்தது. கடைக்காரரின் கவனக்குறைவுக்குச் சாட்சி இல்லை என்று முதலில் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். 1863-ல் மேல் கோர்ட், பீப்பாய் தானாக ஜன்னல் வழியாக வராது, கடைக்காரர்தான் பதில் சொல்லணும் என்றது. சம்பவமே சாட்சி சொல்லும் என்கிற கொள்கை இங்கே இருந்துதான் கிளம்பியது. ஆனா பீப்பாய் கடைக்காரர் கையில் இருந்த பொருள். யோகர்ட் அப்படி இல்லை, அலமாரியில் இருந்து யார் வேணும்னாலும் எடுக்கலாம்.

அதுக்குக் காரணம் 1916. அந்த வருஷம் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். அதுவரைக்கும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆள்தான் சாமானை எடுத்துக் கொடுப்பார். இங்கே வாடிக்கையாளரே கூடையோடு உள்ளே போய் எடுத்துக்கலாம். ஆள் கூலி மிச்சம், வியாபாரம் அதிகம். கூடவே கீழே போடுகிற வேலையும் வாடிக்கையாளர் கைக்கு வந்தது. சட்டத்துக்கு இது உறைக்க ரொம்ப வருஷம் பிடித்தது.

அமெரிக்கக் கோர்ட்டுகள் அதுவரை வாழைப்பழத் தோலை வைத்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தன. விளையாட்டில்லை, நிஜம். மாசசூசெட்ஸில் 1901-ல் தீர்ப்பான வழக்கு, ரயில்வே பிளாட்பாரத்தில் தோல் வழுக்கி விழுந்த ஒருவருடையது. ஒரு நிமிஷம் முன்னாடி யாராவது போட்டிருக்கலாம் என்று வழக்குத் தோற்றது. 1911-ல் அதே மாதிரி இன்னொருவர் வழக்கு. இந்தத் தோல் கறுத்து, காய்ந்து, மிதிபட்டு, மண் ஒட்டிக் கிடந்தது. அப்படின்னா ரொம்ப நேரமா கிடந்திருக்கு, ஊழியர்கள் பார்த்திருக்கணும் என்று ஜெயித்தார். அதாவது கறுத்த தோலை மிதித்தவருக்குக் காசு உண்டு, மஞ்சள் தோலை மிதித்தவருக்கு இல்லை! இந்தக் கணக்கை அப்படியே கடைகளுக்கும் போட்டார்கள்.

1972-ல் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் இதை உடைத்தது. உல்வொர்த் கடையில் பீட்சாவைத் துண்டு துண்டாக மெழுகுக் காகிதத்தில் வைத்து விற்றார்கள், ஜனங்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். விழுந்த துண்டில் ஒரு பெண் வழுக்கினார். இப்படி விற்றால் தரையில் விழத்தான் செய்யும், அது கடைக்காரருக்கே தெரியும், அப்புறம் இந்தக் குறிப்பிட்ட துண்டு எப்போ விழுந்தது என்று ஏன் கேட்கணும் என்றது கோர்ட். விற்கும் முறையையே பார்க்கணும் என்கிற இந்த வாதம் மெதுவாகப் பரவியது. வாழைப்பழத் தோல் தீர்ப்புகள் சொன்ன மாசசூசெட்ஸே 2007-ல், ஒரு திராட்சைப் பழ வழக்கில் இதை ஏற்றுக்கொண்டது.

எல்லா இடத்திலும் ஒரே திசையில் போகவில்லை. ஃப்ளோரிடாவில் 2001-ல் உச்ச நீதிமன்றம், பப்ளிக்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் நடந்த ஒரு வழக்கில் (மறுபடியும் வாழைப்பழம்தான்) சுமையைக் கடைக்காரர் மேல் வைத்தது. சட்டமன்றம் 2010-ல் சட்டம் போட்டு அதை மாற்றிவிட்டது. இப்போது அங்கே, ஆபத்து இருந்தது கடைக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு நேரம் கிடந்தது, இல்லைன்னா அங்கே அடிக்கடி நடக்கிறது என்று விழுந்தவர்தான் காட்டணும்.

2012-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸ். பிக் டபிள்யூ கடைக்கு வெளியே, அந்தக் கடையே விற்பனைக்குச் சாமான் வைத்திருந்த இடம். ஒரு காலை இழந்து ஊன்றுகோலோடு நடந்த பெண், எண்ணெய்ச் சிப்ஸில் கோல் வழுக்கி விழுந்து பலத்த அடி. மணி மதியம் 12.30. காலை 8-ல் இருந்து அந்த இடத்தை யாரும் பார்க்கவே இல்லை. கீழ்க் கோர்ட், சிப்ஸ் மத்தியான நேரத்தில் சாப்பிடுகிற பொருள், இப்போதான் விழுந்திருக்கும் என்றது. உயர் நீதிமன்றத்தின் பெரும்பான்மை இதை ஏற்கவில்லை. காலையிலும் சாப்பிடுவார்கள் தானே? இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்திருந்தால், விபத்துக்கு முந்தைய இருபது நிமிஷத்தில் விழுந்தது மட்டும்தான் தப்பியிருக்கும். அதற்கு முன்னாடி நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கு. எதில் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்? சாதாரணக் கணக்கு. அந்தப் பெண் ஜெயித்தார்.

இதனால்தான் அந்த நாடுகளில் கழிவறைக் கதவில்கூட எத்தனை மணிக்குத் துடைத்தோம் என்று கையெழுத்துப் போட்ட தாள் தொங்குகிறது. சுத்தத்தைவிட கோர்ட்டுக்காக என்பது என் எண்ணம். விழுந்தவருக்கும் அந்தத் தாள்தான் முதல் சாட்சி. அங்கே வழக்கறிஞர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்: துப்புரவுப் பதிவேடு, கேமரா காட்சி, விபத்துப் புத்தகத்தில் எழுதியது. கேமரா காட்சியைக் கடைக்காரர் ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார், அழிக்காதீங்க என்று உடனே எழுதிக் கொடுக்கணும். தரையையும் செருப்பையும் போட்டோ எடுத்துக்கணும்.

போனைப் பார்த்துக்கொண்டே நடந்திருந்தால்? இங்கிலாந்தில் 1945 வரை விழுந்தவர் மேலும் தப்பு இருந்தால் ஒரு காசு கிடைக்காது. அந்த வருஷச் சட்டத்துக்குப் பிறகு அவர் பங்குக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமா, மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா இன்னும் பழைய விதியில்தான் இருக்கின்றன. காலக்கெடுவும் உண்டு. இங்கிலாந்தில் பொதுவாக மூன்று வருஷம். ஃப்ளோரிடாவில் நான்காக இருந்ததை 2023-ல் இரண்டாக வெட்டிவிட்டார்கள்.