வெறுக்கத்தக்கவனும் அவனுக்கு எதிரில் அமர்ந்தவர்களும்

தொலைக்காட்சித் தொடர்கள் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்களில் ஒருவர் தவறாமல் ஒரு கேள்வியை எழுப்பக் கண்டிருக்கிறோம். மனதுக்குப் பிடித்த ஒரு மனிதர்கூட இல்லாத தொடரை எதற்காக ஐந்தாறு ஆண்டுகள் பார்க்க வேண்டும்? நாவலைப் பொறுத்தவரை இவ்வழக்கு தீர்ந்து நெடுங்காலமாயிற்று. ரஸ்கோல்னிகோவை எவரும் விருந்துக்கு அழைக்க விரும்பமாட்டார்கள், ஆயினும் படிக்கிறோம். தொலைக்காட்சியின் நிலை வேறு. நாவலின் கொலைகாரனோடு நாம் கழிப்பது சில இரவுகள் மட்டுமே. தொடரின் நாயகனோ ஆண்டுக்கணக்கில், வாரந்தோறும், பெரும்பாலும் உணவு வேளையில் நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து அமர்கிறான். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பர். தொலைக்காட்சியில் இது தலைகீழ். புளித்ததும் பழகப் பழகப் பாலாகிவிடுகிறது. இது வெறும் ரசனைச் சிக்கல் அன்று என்பதை அறிய 1960களின் லண்டனிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

1965 ஜூலையில் பிபிசியின் ‘காமெடி பிளேஹவுஸ்’ வரிசையில் ஒற்றை நாடகமாக வந்து, 1966 ஜூனில் முழுத் தொடராக வளர்ந்தது ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’. எழுதியவர் ஜானி ஸ்பைட், லண்டன் கிழக்குப் பகுதியின் உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தவர். வாப்பிங் துறைமுகப் பகுதியின் நெருக்கமான வீடொன்றில் வாழும் ஆல்ஃப் கார்னெட்தான் மையப் பாத்திரம். அரசியின் பக்தன், கன்சர்வேட்டிவ் கட்சிக்காரன், வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் வெறியன். கறுப்பர், யூதர், ஐரிஷ்காரர், தொழிற்சங்கத்தார் என எல்லோரையும் வாயாரத் திட்டுபவன். மனைவி எல்ஸை ‘மூடப் பசு’ என்னும் பொருள்படும் சொல்லால் விளிப்பவன். வேடமேற்ற வாரன் மிட்செல் யூதர், சோஷலிச நாட்டம் கொண்டவர், டாட்டன்ஹாம் அணியின் ஆதரவாளர். தன் பாத்திரத்தோடு எதிலும் உடன்படாத ஒருவர் அப்பாத்திரத்தை இத்தனை உயிர்ப்போடு செய்தார் என்பதே அக்காலத்தில் நம்பிக்கை தருவதாக இருந்தது. மடமையை அப்படியே மேடையேற்றினால் மடமை தானே வெட்கி ஓடிவிடும் என்னும் பழைய அங்கத நம்பிக்கை.

எதிர்ப்பு வந்தது, எதற்கு வந்தது என்பதுதான் வியப்பு. ஒளிபரப்பைத் தூய்மைப்படுத்தப் புறப்பட்ட மேரி வைட்ஹவுஸ் அம்மையார் தொடரின் மீது தொடுத்த போர் பெரிதும் அதன் கொச்சைச் சொற்களைக் குறித்தது. ஸ்பைட் இதற்குச் செய்த மரியாதை நுட்பமானது: 1967ஆம் ஆண்டின் ஓர் அத்தியாயத்தில் ஆல்ஃப் கார்னெட்டை வைட்ஹவுஸின் நூலை உளமுருகிப் படிக்கும் அபிமானியாக்கினார். சிரிப்பு சரிதான். ஆனால் ஆல்ஃபின் நிறவெறிச் சொற்களுக்கு இலக்கானவர்கள் அந்தச் சொற்போரில் எந்தப் பக்கமும் இல்லை. அவர்களைக் கேட்டவரும் இல்லை.

மிட்செல் பிற்காலத்தில் சலிப்போடு நினைவுகூர்ந்த ஓர் அனுபவம் உண்டு. தெருவில் எதிர்ப்படுவோர் அவரைத் தடுத்து நிறுத்தி, குடியேறிகளை நன்றாக வாங்குவதற்காகப் பாராட்டுவார்களாம். கேலி செய்யப்படுவது உங்களைப் போன்றவர்கள்தான் ஐயா என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. 1968 ஏப்ரல் 20 அன்று ஈனக் பவல் பர்மிங்ஹாமில் குடியேற்றத்துக்கு எதிரான தன் பேர்போன உரையை ஆற்றினார். மூன்று நாட்களில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்கு ஆதரவாக நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். ஆல்ஃப் கார்னெட்டின் அண்டைவீட்டார்கள் என்றே சொல்லிவிடலாம். தொடர்தான் அவர்களை அனுப்பியது என்று கூறுவது அநியாயம்; ஆல்ஃபைத் தான் படைக்கவில்லை, சமூகம் படைத்ததைத் தான் எடுத்தெழுதியதாகவே ஸ்பைட் வாதிட்டார், அதில் உண்மை உண்டு. ஆனால் இரண்டாண்டுகள் ஆல்ஃபைப் பார்த்துச் சிரித்ததால் எவருடைய மனமும் வெட்கி ஓடியதற்கான தடயம் அந்த ஊர்வலத்தில் தென்படவில்லை.

ஸ்பைட் அடுத்து எழுதிய ‘கறி அண்ட் சிப்ஸ்’ (1969) நம் நோக்கில் இன்னும் தெளிவான சான்று. தொழிற்சாலைக்கு வேலைக்கு வரும் பாகிஸ்தானியராக, முகத்தில் பழுப்பு மை பூசிக்கொண்டு ஸ்பைக் மில்லிகன் நடித்தார். நோக்கம் வெறுப்பைக் கேலி செய்வதே என்றார்கள். ஒளிபரப்பு ஆணையம் தலையிட, ஆறே வாரங்களில் தொடர் நின்றது. வெறுப்பவர்கள் எல்லோரும் அசல். வெறுக்கப்படுபவர் மட்டும் வேடம். பதில் சொல்லவேண்டிய வாயில் பூச்சு காயாமலிருக்கும்போது அங்கதம் எவ்வாறு நிகழும்?

இவ்விடத்தில் நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். நாயகன் விரும்பத்தக்கவனா இல்லையா என்பது தவறான கேள்வி. அவனுக்கு எதிர் நாற்காலியில் யார் அமர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பேச வாய் இருக்கிறதா, அவன் செய்வதன் விலை அவர்கள் முகத்தில் தெரிய அனுமதிக்கப்படுகிறதா? ஒரு தொடரின் மதிப்பை இவற்றை வைத்தே அளக்க வேண்டும்.

அமெரிக்காவில் நார்மன் லியர் இந்த ஆங்கிலத் தொடரைப் பற்றிக் கேள்வியுற்றபோது அவருக்கு நினைவு வந்தவர் தன் தந்தை. ஏபிசி நிறுவனத்துக்காக எடுத்த இரு முன்னோட்டங்களும் நிராகரிக்கப்பட்டன. இறுதியில் சிபிஎஸ் ஏற்று, 1971 ஜனவரி 12 அன்று ‘ஆல் இன் தி ஃபேமிலி’யின் முதல் அத்தியாயத்தை ஒளிபரப்பியது. நம் பலவீனங்களையும் தப்பெண்ணங்களையும் நகைச்சுவையாக நோக்குவதே நோக்கம் என்றொரு முன்னெச்சரிக்கை வாசகத்தையும் நிலையத்தார் அச்சத்தோடு சேர்த்திருந்தார்கள். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழும் ஆர்ச்சி பங்க்கர், ஆல்ஃபின் அட்லாண்டிக் கடந்த உறவினன். தொடர் தொடர்ந்து ஐந்து பருவங்கள் நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்டதாக விளங்கியது.

லியர் செய்த மாற்றங்களில் முதன்மையானது எதிர் நாற்காலியைப் பற்றியது. முதல் அத்தியாயத்திலேயே பக்கத்து வீட்டுக் கறுப்பின இளைஞன் லயனல் ஜெஃபர்சன் வந்துவிடுகிறான். மின்பொறியாளராகப் படித்துக்கொண்டிருப்பவன். ஆர்ச்சி கற்பனை செய்துவைத்திருக்கும் ‘கறுப்பன்’ எப்படிப் பேசுவானோ அப்படியே உச்சரிப்பைச் சிதைத்துப் பேசிக்காட்டுகிறான், ஆர்ச்சி மகிழ்கிறான். அறையில் மற்ற எல்லோருக்கும் நமக்கும் தெரிகிறது, ஆட்டுவிக்கப்படுபவன் யார் என்று. 1972 பிப்ரவரியில் சாமி டேவிஸ் ஜூனியர் தானாகவே தோன்றிய அத்தியாயத்தில், புகைப்படம் எடுக்கும் கணம் பார்த்து ஆர்ச்சியின் கன்னத்தில் முத்தமிட்டார். ஆர்ச்சியின் முகம் போன போக்கு எந்தக் கண்டன உரையையும்விட நீண்டகாலம் நிலைத்தது. பிறகு ஜெஃபர்சன் குடும்பம் 1975இல் தனித் தொடராகவே பிரிந்து சென்று பத்தாண்டுகள் ஓடியது.

எனினும் எதிர்ப்புகளைத் தள்ளிவிட முடியாது. யூத வெறுப்பைப் பற்றிய ‘ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்’ நாவலை எழுதிய லாரா ஹாப்சன் 1971 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நிஜமான வெறியர்கள் நிஜமாகச் சொல்லும் மிகக் கொடிய சொற்கள் ஆர்ச்சியின் வாயில் வருவதில்லை. வெறுப்பைக் குளிப்பாட்டிப் பொட்டுவைத்து அன்புக்குரியதாக்கிவிட்டீர்கள் என்பதே அவர் வழக்கின் சாரம். வெறியர்களும் வீட்டில் நேசிக்கத்தக்கவர்களாக இருக்கக்கூடும், என் தந்தை அப்படித்தான் இருந்தார் என்பது லியரின் பக்கம். இருவரும் சரியே என்று நமக்குத் தோன்றுகிறது, அதனால்தான் இவ்விவாதம் இன்னும் வாசிக்கத்தக்கது. அதே ஆண்டு மே மாதம் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் நிக்சன் இத்தொடரைப் பற்றித் தன் உதவியாளர்களிடம் பொருமினார். நல்லவனொருவனை முட்டாளாக்குகிறார்களே என்பது அவர் ஆதங்கம். அவரே பொருத்திய ஒலிப்பதிவுக் கருவி அதைச் சேமித்து வைத்திருக்கிறது.

1974இல் நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்னும் இரு உளவியலாளர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்வையாளர்களிடம் ஆய்வு நடத்தி வெளியிட்டார்கள். தப்பெண்ணம் மிகுந்தவர்கள் ஆர்ச்சியை வியந்தார்கள். விவாதத்தில் வெல்பவன் அவனே என்றும் கருதினார்கள். தப்பெண்ணம் குறைந்தவர்களுக்கு அவன் கேலிப்பொருளாகத் தெரிந்தான். ஒரே காட்சி, ஒரே சிரிப்பு, இரு வேறு தொடர்கள். அங்கதம் திருத்தும் என்று நம்பியவர்களுக்கு இது கசப்பான மருந்து. நமக்கும் கசக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்த ஆய்வு ஈடித்தை அளக்கவில்லை. ஜீன் ஸ்டேப்பிள்டன் நடித்த மனைவி ஈடித், ஆர்ச்சியின் மொழியில் ‘டிங்பேட்’, மூளை கலங்கியவள். வாயை மூடு என்பதற்கு அவன் வைத்திருக்கும் சொல் ‘ஸ்டைஃபிள்’. 1972 ஜனவரியில் வந்த ஓர் அத்தியாயத்தில் ஈடித்துக்கு மாதவிடாய் நிற்கும் பருவம். அதை முப்பது விநாடிக்குள் முடித்துவிடு என்று ஆர்ச்சி ஆணையிடுகிறான். அதே அத்தியாயத்தில் அவனுடைய ‘ஸ்டைஃபி’ளை அவன் முகத்துக்கே எறிகிறாள் ஈடித். அரங்கம் அதிர்கிறது. இங்கே யார் வென்றார் என்பதில் எந்தத் தப்பெண்ணக்காரருக்கும் ஐயம் எழ இடமில்லை.

1978 பிப்ரவரியில் இன்னொன்று. தன் மதுக்கடையின் சரக்கறையில் மருமகன் மைக்கோடு பூட்டிக்கொள்ளப்பட்டுக் கிடக்கிறான் ஆர்ச்சி. இருவரும் குடிக்கிறார்கள். சிறுவயதில் ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் வேறு காலணியுமாகப் பள்ளிக்குப் போன வறுமையைச் சொல்கிறான். தந்தை தன்னை அடித்ததைச் சொல்கிறான். உன் தந்தை கற்பித்தது தவறு என்று மைக் சொல்லும்போது ஆர்ச்சிக்குப் புரிவதேயில்லை. தன்னை நேசித்தவர், தனக்காக உழைத்தவர், எப்படித் தவறாகச் சொல்லியிருப்பார் என்கிறான். பேச்சினூடே உறங்கிவிடுகிறான். ஏழு ஆண்டுகளாக அவனோடு சண்டையிட்ட மருமகன் அவனுக்குப் போர்த்திவிடுகிறான். கேரல் ஓ’கானரின் நடிப்பில் மன்னிப்பு கோரும் சாயல் துளியும் இல்லை. வெறுப்பு பரம்பரைச் சொத்தாக, அதுவும் அன்பு என்னும் உறையிலிட்டுக் கையளிக்கப்படும் விதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன தொலைக்காட்சிக் காட்சி நாம் அறிந்தவரை இல்லை. ஹாப்சன் அம்மையாருக்கு லியர் தந்திருக்க வேண்டிய பதில் இது. வர ஏழாண்டுகள் ஆயிற்று.

இதற்குப்பின் வந்த இருபதாண்டுகளை விரைந்து கடக்கலாம். ‘டாலஸ்’ தொடரின் ஜே.ஆரை உலகமே ரசித்து வெறுத்தது, வெறுத்து ரசித்தது. ‘சைன்ஃபெல்ட்’ தன் நால்வரையும் 1998இல் சிறைக்கே அனுப்பி முடித்துக்கொண்டது. 1999 ஜனவரியில் எச்பிஓவில் ‘தி சொப்ரானோஸ்’ வந்தபோதுதான் வெறுக்கத்தக்கவன் முழு அரியணை ஏறினான். இதில் பொருளாதாரமும் உண்டு. எச்பிஓ சந்தாவால் வாழ்வது. தன் சோப்புக்கட்டிக்குப் பக்கத்தில் கொலைகாரன் நிற்பதை விரும்பாத விளம்பரதாரர் அங்கு இல்லை. அப்படியும் தயக்கம் இருந்தது. ஐந்தாம் அத்தியாயமான ‘காலேஜ்’, மகளுக்குக் கல்லூரி பார்க்க மெய்ன் மாநிலத்துக்குச் சென்ற டோனி, அங்கு ஒளிந்து வாழும் காட்டிக்கொடுத்தவன் ஒருவனைத் தன் கையால் கழுத்தை நெரித்துக் கொல்வதைக் காட்டுகிறது. பார்வையாளர் கைவிட்டுவிடுவர் என்று நிலையத் தலைவர் கிறிஸ் ஆல்பிரெக்ட் அஞ்சினார். கொல்லாவிட்டால்தான் அவனை நம்பமாட்டார்கள் என்று டேவிட் சேஸ் உறுதியாக நின்றார். சேஸ் வென்றார்; எவரும் கைவிடவில்லை. நாம் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

சேஸ் கவலைப்பட்டிருக்கிறார் என்பதற்கு 2001இல் வந்த ஒரு காட்சியே சான்று. டோனியின் மனைவி கார்மெலா, கிராகவர் என்னும் முதிய மனநல மருத்துவரைக் காணச் செல்கிறாள். அவர் அவளுக்கு ஆறுதல் தரவில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள், இது குருதி படிந்த பணம், எனக்கான கட்டணமும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று இனி நீங்கள் சொல்ல முடியாது என்றும் முடிக்கிறார். தொடரில் ஒரே ஒருமுறை வந்துபோகும் மனிதர். அந்தப் பேச்சு கார்மெலாவுக்கு மட்டுமானது அன்று. சோபாவில் சாய்ந்திருந்த நமக்கும்தான். கார்மெலா வெளியேறவில்லை. அதே அத்தியாயத்தின் முடிவில் மகளின் கல்லூரிக்கு ஐம்பதாயிரம் டாலர் நன்கொடையை டோனியிடமிருந்து பெறுகிறாள். நாமும் அடுத்த வாரம் பார்த்தோம்.

பார்த்ததோடு நிற்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பிரேக்கிங் பேட்’ (2008–2013) ஓடிய நாட்களில், போதைப்பொருள் தயாரிப்பாளனாக மாறிய வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட்டின் ஒவ்வொரு தந்திரத்தையும் சிலாகித்தோம். அவனைத் தடுக்க முயன்ற மனைவி ஸ்கைலரை நச்சரிப்பவள் என்று வைதோம். உலகெங்கும் அவ்வாறே வைதார்கள். வேடமேற்ற ஆனா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றியே எழுதினார். தன் பாத்திரத்தின் மீதான வெறுப்பு தன்மீதே திரும்பியதை, கொலை மிரட்டல்வரை சென்றதை அதில் பதிவுசெய்தார். எதிர் நாற்காலியில் ஒருத்தி அமர்ந்திருந்தாள், அவளுக்கு வாயும் இருந்தது. கேட்கத்தான் நமக்குச் செவியில்லை.

அடுத்த மாதம், செப்டம்பர் 15 அன்று ‘ஓசிமாண்டியாஸ்’ அத்தியாயம் வந்தது. வால்டர் மனைவியைத் தொலைபேசியில் அழைக்கிறான். காவலர்கள் ஒட்டுக்கேட்பது அவனுக்குத் தெரியும். அவளைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவே கொடூரக் கணவனாக நடிக்கிறான். நீ எப்போதும் புலம்புகிறாய், என்னைப் பின்னுக்கு இழுக்கிறாய், நான் செய்தவற்றுக்கு நன்றியில்லாதவள் என்று பொரிகிறான். அவன் கண்களில் நீர். முதலில் அவன் திறமையை வியந்தோம். பிறகுதான் அந்த வசைகளை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று உறைத்தது. நண்பர்கள் கூடியமர்ந்து அத்தொடரைப் பார்த்த ஒவ்வொரு மாலையிலும் நாம் ஸ்கைலரைப் பார்த்துச் சொன்னவை அவை. மறுமுனையில் ஸ்கைலர் தொலைபேசியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அறையில் யாரும் அவளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.