அலைவரிசை கேட்காத வானொலி

1995 பிப்ரவரியில் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், வான் அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசின் ஏகபோகம் அதோடு முடிந்தது என்று நினைக்கத் தோணும். 2001-ல் பெங்களூரில் தனியார் பண்பலை வந்தது. ஆனா செய்தி? அது ஆகாசவாணிகிட்டயே இருந்தது. தனியார் நிலையம் சினிமாப் பாட்டு போடலாம், அரட்டை அடிக்கலாம். சொந்தமா செய்தி வாசிக்கக் கூடாது. 2019-ல் கிடைத்த தளர்வுகூட ஆகாசவாணி செய்தியை அப்படியே மறுஒலிபரப்பு செய்வதற்குத்தான்.

இந்தியாவில் தனியார் பண்பலை தொடங்கிய அதே காலத்தில், அமெரிக்காவில் ஆடம் கரியின் யோசனைப்படி டேவ் வைனர் ஆர்எஸ்எஸ் ஓடையில் ஒலிக்கோப்பை இணைக்க வழிசெய்தார். 2004-ல் பென் ஹாமர்ஸ்லி கார்டியனில் எழுதிய கட்டுரையில் ‘பாட்காஸ்ட்டிங்’ என்ற சொல் வந்தது. 2005 ஜூனில் ஐடியூன்ஸும் பாட்காஸ்ட்டைச் சேர்த்துக்கொண்டது.

நினைத்த நேரத்தில் கேட்கலாம் என்பதைத்தான் இதன் பெரிய மாற்றமாகச் சொல்வார்கள். நம்ம ஊருக்கு அதைவிடப் பெருசு இன்னொன்று: பாட்காஸ்ட்டுக்கு அலைவரிசை வேண்டாம். அலைவரிசை வேண்டாம்னா ஏலமும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். தனியார் பண்பலைக்கு மறுக்கப்பட்ட செய்தியும் அரசியல் அலசலும் இந்த வழியாகத்தான் காதுக்கு வந்து சேர்ந்தன.

ஆனா ஒன்றைக் கவனிக்கணும். பண்பலை கேட்க டேட்டா வேண்டாம். யார் கேட்கிறார் என்று வானொலிப் பெட்டிக்குத் தெரியவும் தெரியாது. பாட்காஸ்ட் செயலிக்கு அது தெரியும். எதைத் தேடலில் முன்னால் காட்டுவது என்பதும் அதன் கையில்தான். யார் பேசலாம் என்பதை யார் முடிவு பண்றது? 1995-ல் நீதிமன்றம் வரை போன அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.