தலைப்பை உதிர்த்த கவிதை

கொடுத்த தலைப்புக்குக் கவிதை சொல்லும் பழக்கம் ஹைக்கூவுக்கும் மூத்தது. 1193-ல் ஜப்பானில் ஃபுஜிவாரா நோ யொஷித்சுனே என்ற பிரபு ஒரு கவிதைப் போட்டி நடத்தினார். 12 கவிஞர்கள், 100 தலைப்புகள். ஆளுக்கு 100 பாட்டு. இடப்பக்கத்தார் ஒன்று, வலப்பக்கத்தார் ஒன்று என இணை சேர்த்து 600 சுற்றுகள். தலைப்புகளில் பாதி பருவங்கள், பாதி காதல். வெறும் காதலோடு விடவில்லை. விறகுவெட்டியை வைத்துக் காதல் பாடு, வணிகனை வைத்துப் பாடு என்றார்கள். தலைப்பு வந்திராவிட்டால் அந்த அரசவைக் கவிஞர்கள் விறகுவெட்டியைப் பற்றி ஒரு வரியாவது யோசித்திருப்பார்களா?

பின்னர் தொடர்கவிதை வந்தது. ஒருவர் 5-7-5 அசையில் தொடங்க, அடுத்தவர் 7-7-ல் பதில் சொல்வார். முன்னவர் சொன்னதே பின்னவருக்குத் தலைப்பு. முதல் கண்ணியில் பருவத்தைக் குறிக்கும் சொல் கட்டாயம். இந்த முதல் கண்ணிதான் பின்னாளில் ஹைக்கூ ஆயிற்று.

தலைப்பு தெருவுக்கு இறங்கியது, இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரத்தில். 1757-ல் கராய் சென்ரியூ என்பவர் அங்கே நடுவராக அமர்ந்தார். 7-7 அசையில் ஓர் அடியை அவர் கொடுப்பார். பெரும்பாலும் ஒரே தொடர் இரண்டு முறை வரும். அது அச்சிட்ட துண்டுச் சீட்டில் ஊருக்குள் பரவும். எழுத நினைப்பவர்கள் 5-7-5-ல் பதில் எழுதிக் கட்டணத்தோடு முகவரிடம் கொடுப்பார்கள். தேறியவர்களுக்குப் பரிசு உண்டு. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம் புலவர்களுக்கும் பழக்கமானதுதான். ஆனால் நம்மிடம் கொடுத்த அடி பாட்டுக்குள்ளேயே தங்கிவிடும். எடோவில் நடந்தது வேறு. 1765-ல் தேர்ந்த கவிதைகள் 'ஹைஃபூ யனகிதரு' என்ற நூலாக வந்தபோது, கொடுத்த அடி இல்லாமலே தனித்து விளங்குபவற்றைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டார்கள். தலைப்பு உதிர்ந்தது, கவிதை நின்றது. அந்த வகைக்கே நடுவரின் பெயர் நிலைத்தது: சென்ரியூ. தொகுத்தவரின் அந்த முடிவை, இந்தக் கதை முழுவதிலும் மிகத் துணிச்சலான செயலாக நினைக்கிறேன். தலைப்பைச் சொன்னால்தான் புரியும் என்கிற கவிதை இன்னும் எழுதி முடியவில்லை என்றே பொருள்.

1890-களில் கவிஞர் மசஒகா ஷிகி முதல் கண்ணியைத் தொடரிலிருந்து முற்றாகப் பிரித்து ஹைக்கூ என்று பெயரிட்டார். தனித்து நின்ற பிறகும் அது தலைப்பை விடவில்லை. 'குகாய்' எனப்படும் கூட்டங்களில் முன்கூட்டியே ஒரு பருவச்சொல் தரப்படும். வந்தவர்கள் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தருவார்கள். சீட்டுகளைக் கலைத்து, கையெழுத்து தெரியாதபடி வேறு கையால் படியெடுப்பார்கள். ஒவ்வொருவரும் பிடித்ததைத் தேர்ந்து உரக்க வாசித்த பிறகே எழுதியவர் தன் பெயரைச் சொல்வார். ஆசானுடைய கவிதை யார் கண்ணிலும் படாமல் போகலாம், நேற்று சேர்ந்தவருடையது தேறலாம். எழுதக் கற்பவருக்கு இதைவிட நேர்மையான பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

ஷிகியின் சொந்த ஊரான மட்சுயாமாவில் 1998 முதல் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் கொடுத்த தலைப்புக்கு எழுதி அணி அணியாக மோதுகிறார்கள். நடுவர்கள் சிவப்புக் கொடியோ வெள்ளைக் கொடியோ தூக்குகிறார்கள். இடம், வலம் என்று பிரிந்த பழைய அரசவைப் போட்டியேதான், சீருடையில்.

அமெரிக்காவில் வாழும் கவிஞர் மைக்கேல் டிலன் வெல்ச், 2011 முதல் நாளுக்கு ஒரு ஹைக்கூ எழுதும் மாதமாகப் பிப்ரவரியை அறிவித்தார். மிகச் சிறிய கவிதைக்கு மிகச் சிறிய மாதம். இன்று காலையில் ஒரு சொல் இணையத்தில் வந்தால் மாலைக்குள் பல நாடுகளிலிருந்தும் பதில் வருகிறது. துண்டுச் சீட்டின் வேலையை இணையம் நன்றாகவே செய்கிறது. ஆனால் பெரும்பாலும் கவிதைக்கு முன்னால் எழுதியவரின் பெயரும் படமும் வந்துவிடுகின்றன. பாராட்டும் அங்கேயே போய்ச் சேர்கிறது. தலைப்புக் கொடுப்பவர்கள் ஒரு நாளைக்காவது பெயர்களை மறைத்து வைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். தலைப்பையும் கூடவே மறைத்தால் இன்னும் நல்லது.