விட்டுவந்தவரின் சாட்சி: மார்மன் சபை வரலாறு தரும் படிப்பினை

ஒரு சபையில் பிறந்து வளர்ந்து, அல்லது மனமுவந்து அதில் சேர்ந்து, பின்னர் அதன் போதனை உண்மையன்று எனக் கண்டு வெளியேறிய ஒருவர் தாம் விட்டுவந்த நெறியைக் குறைகூறலாமா? அன்றி, வாய்மூடி ஒதுங்கிச் செல்வதே அவருக்குத் தகுமா? மார்மன் சபை என வழங்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் வரலாற்றில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்துள்ளது. வெளியேறியோர் சபையைத் துறந்த பின்னும் அதைத் தூற்றுவதை மட்டும் துறப்பதில்லை என்பது அச்சபையினரிடையே நெடுநாளாக வழங்கும் முறைப்பாடு. கசப்பும் காழ்ப்புமே அவர்களைப் பேசவைக்கின்றன என்பது அதன் உட்பொருள்.

இது அவர்களுடைய உள்வீட்டு வழக்கு, நமக்கென்ன என்று நாம் இருந்துவிட இயலாது. மார்மன் சபையை விட்டுவந்தோரைப் புரொட்டஸ்டண்டுப் பிரசங்கபீடங்கள் 150 ஆண்டுகளுக்கு மேலாக விருப்பத்தோடு வரவேற்று வந்துள்ளன. அவர்கள் சொன்னதை ஆராய்ந்து ஏற்றோமா, அல்லது நமக்கு உகந்ததாயிருந்தது என்பதனால் ஏற்றோமா என்பது நம்மைக் குறித்த வினாவாகும். ஆகவே இவ்வரலாற்றைச் சுருக்கமாகத் திரும்பிப் பார்ப்போம்.

1830 ஏப்ரல் 6ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் இச்சபையை நிறுவினார். ஒஹாயோ, மிசௌரி, இல்லினாய் ஆகிய மாநிலங்களில் அலைக்கழிந்த பின், 1847இல் பிரிகாம் யங்கின் தலைமையில் அவருடைய மக்கள் பெரிய உப்பேரிப் பள்ளத்தாக்கில் குடியேறினர். அங்கே சபை என்பது வழிபாட்டுக் கூட்டம் மட்டுமன்று. அதுவே ஊர், அதுவே உறவு, சில காலம் அதுவே அரசு. அதை விட்டு வெளியேறுதல் வீட்டை விட்டு வெளியேறுதலுக்கு ஒப்பாகும். வெளியேறிய பெற்றோர், கோவிலினுள் நடைபெறும் தம் பிள்ளையின் திருமணச் சடங்கில் இன்றும் பங்குகொள்ள இயலாது. இப்படிப்பட்டவரை நோக்கி, அதைப் பற்றி இனிப் பேசாதே என்று சொல்லுவது எளிதன்று.

முதல் சாட்சிகள்

வெளியேறி எழுதியவருள் முதன்மையானவர் எஸ்ரா பூத். மெதடிஸ்டுப் போதகராயிருந்த இவர் 1831இல் மார்மன் சபையிற் சேர்ந்து, அதே ஆண்டு மிசௌரிக்கு ஊழியப் பயணம் மேற்கொண்டு, அங்கே முன்னுரைக்கப்பட்டவை நிறைவேறாமை கண்டு மனமுடைந்து திரும்பினார். ஒஹாயோவின் செய்தித்தாள் ஒன்றில் ஒன்பது கடிதங்கள் வரைந்தார். அவை கண்டதையும் கேட்டதையும் கூறுபவை. அவற்றுக்கு ஸ்மித்தும் அவருடைய துணைவரும் ஊர் ஊராகச் சென்று பிரசங்கத்தினால் விடையளித்தனர். சொல்லுக்குச் சொல் என்னும் இம்முறை இரு சாராருக்கும் பெருமை தருவதே.

அடுத்து வந்தவர் வேறு வகையினர். 1833இல் சபையினின்று விலக்கப்பட்ட ஹர்ல்பட் என்பவர் ஸ்மித்துக்கு எதிரான வாக்குமூலங்களைத் திரட்டினார். காலஞ்சென்ற சாலமன் ஸ்பால்டிங் என்னும் முன்னாள் போதகர் எழுதி அச்சேறாதிருந்த கதையொன்றிலிருந்தே மார்மன் புத்தகம் திருடப்பட்டது என்னும் கூற்று அவற்றுள் ஒன்று. பூத்தின் கடிதங்களும் ஹர்ல்பட்டின் வாக்குமூலங்களும் 1834இல் ஏபர் ஹவ் வெளியிட்ட ஒரே நூலில் இடம்பெற்றன. கண்ட சாட்சியும் கேள்விப்பட்ட ஊகமும் ஒரே அட்டைக்குள் கட்டப்பட்டன!

ஸ்பால்டிங் கதை நம்மவருக்கு மிகவும் உவப்பாயிருந்தது. ஐம்பது ஆண்டுகள் அது புரொட்டஸ்டண்டு நூல்களில் வலம்வந்தது. 1884இல் ஹொனலூலுவில் ஸ்பால்டிங்கின் கையெழுத்துப்படி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஒபர்லின் கல்லூரியின் தலைவரும் இறையியல் ஆசிரியருமான ஜேம்ஸ் பேர்சைல்டு அதை ஆராய்ந்து, அதற்கும் மார்மன் புத்தகத்துக்கும் ஒற்றுமையில்லை என அறிவித்தார். மார்மன் போதனையை ஏற்காத ஒரு புரொட்டஸ்டண்டு ஊழியரே இவ்வுண்மையை வெளியிட்டார் என்பது நமக்கு ஆறுதல். அதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின என்பது நமக்கு நாணம்.

நாவூ நகரில் நிகழ்ந்தது

இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தோன்றுகிறது. அந்நகரின் மேயராயிருந்த ஜான் பென்னட் 1842இல் சபையை விட்டு வெளியேறி, பரபரப்பான நூலொன்றை அதே ஆண்டில் வெளியிட்டார். உண்மையும் மிகையும் அதில் பிரிக்கவொண்ணாதபடி கலந்திருந்தன. அவருடைய சொந்த ஒழுக்கமும் கறைபட்டதாயிருந்தமையால், அவர் சொன்ன மெய்யையும் பொய்யென்று தள்ளுதல் சபைத் தலைவருக்கு எளிதாயிற்று. மிகைப்படுத்துகிறவன் தன் எதிரிக்கே துணைசெய்கிறான்.

வில்லியம் லா அப்படிப்பட்டவரல்லர். சபையின் உயர் தலைமையில் ஸ்மித்துக்கு ஆலோசகராயிருந்த அவர், மறைவில் கற்பிக்கப்பட்ட பலதார மணத்தை எதிர்த்தார்; 1844 ஏப்ரலில் விலக்கப்பட்டார். அவரும் நண்பர் சிலரும் 1844 ஜூன் 7ஆம் நாள் 'நாவூ எக்ஸ்பாசிட்டர்' என்னும் இதழை வெளியிட்டனர். ஸ்மித் ஆதியில் போதித்த நெறியைத் தாம் மெய்யென்றே நம்புவதாக அதில் அறிவித்து, பலதார மணப் போதனைக்கு ஆணையிட்ட வாக்குமூலங்களை அச்சிட்டனர். ஸ்மித் மேயராயிருந்த நகரமன்றம் அவ்விதழைப் பொது இடையூறு எனத் தீர்த்தது. ஜூன் 10ஆம் நாள் அச்சுப்பொறி உடைத்தெறியப்பட்டது. அதன் தொடர்பாகச் சிறைப்பட்ட ஸ்மித்தும் அவருடைய தமையனும் ஜூன் 27ஆம் நாள் கார்த்தேஜ் சிறையில் வெறிகொண்ட கும்பலால் கொல்லப்பட்டனர். அக்கொலை எவ்வகையிலும் நியாயப்படுத்தத் தகாதது.

அவ்விதழ் வெளியிட்ட செய்தியின் கதி யாது? 1852இல் சபையே பலதார மணத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது; 1890இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது; ஸ்மித் பல மனைவியரை மணந்திருந்தார் என்பதை 2014இல் தன் அதிகாரபூர்வமான கட்டுரையிலும் விளக்கிற்று. ஒரே இதழோடு நின்றுபோன அவ்வேட்டின் மையச் செய்தி மெய்யாயிருந்தது. வெளியேறியவர் சொல்லுவதால் அது பொய் என்னும் வாதம் இங்கே நிலைகுலைகிறது.

பிறர் கையில் ஆயுதம்

பேசுகிறவர் நேர்மையாயிருந்தும் கேட்கிறவர் அதைத் திரித்துப் பயன்படுத்துதல் கூடும். பலதார மண வாழ்வின் துயரைத் தாமே அனுபவித்து வெளியேறிய ஃபேனி ஸ்டென்ஹவுஸ் 1874இல் தம் வரலாற்றை விரிவாக எழுதினார். ஹாரியட் பீச்சர் ஸ்டோ அதற்கு முன்னுரை வழங்கினார். இத்தகைய நூல்களால் பொதுமக்கள் உள்ளம் கொதித்தது. சபைகளும் சட்டம் கோரின. இறுதியில் 1887ஆம் ஆண்டுச் சட்டம் மார்மன் சபையின் சொத்தைப் பறித்ததுமன்றி, யூட்டா பெண்கள் 1870 முதல் பெற்றிருந்த வாக்குரிமையையும் பறித்தது. அவர்கள் அதை மீண்டும் பெற 1896 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெண்களின் துயர்தீர்க்க எழுந்த குரல், பெண்களின் குரலையே அடக்கிய சட்டத்தில் முடிந்தது. இப்பழி எழுதியவரைச் சாராது. கேட்டு ஆர்ப்பரித்தோரைச் சாரும்.

வெளியே ஒருவர், உள்ளே ஒருவர்

இருபதாம் நூற்றாண்டில் இரு பெண் வரலாற்றாசிரியரை நாம் அருகருகே வைத்து நோக்கலாம். பிற்காலத்தில் சபைத் தலைவரான டேவிட் மெக்கேயின் உடன்பிறந்தார் மகளான ஃபான் பிரோடி, நம்பிக்கை இழந்தவராய் 1945இல் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார், 1946இல் விலக்கப்பட்டார். ஸ்மித்தின் இறைவாக்கு உரிமையை மறுத்த அதே நூலில், ஸ்பால்டிங் கூற்று நில்லாது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஜுவானிடா புரூக்ஸ் என்பவரோ சபையை விட்டு விலகவில்லை. 1857 செப்டம்பர் 11ஆம் நாள் யூட்டாவின் தென்பகுதியில் மார்மன் படையினர், வழிப்பயணிகளான ஆண் பெண் பிள்ளைகள் ஏறத்தாழ 120 பேரைக் கொன்ற கொடுமையை 1950இல் ஆய்ந்து எழுதினார். சுற்றத்தாரின் முகச்சுளிப்பைத் தாங்கிக்கொண்டார். 2007இல், அக்கொலையின் 150ஆம் ஆண்டு நினைவில், சபைத் தலைமை ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது.

ஒருவர் வெளியே நின்றார். ஒருவர் உள்ளே நின்றார். இருவர் நூல்களையும் நிறுத்துப் பார்க்கும் தராசு ஒன்றே: சொன்னது மெய்யா என்பதே அது.

தனக்கு உதவும் பொய்யை மறுத்தல்

யாவற்றிலும் நாம் மிகுதியாக எண்ணிப் பார்க்கத்தக்கவர் ஜெரால்டு டானரும் அவர் மனைவி சாண்ட்ராவும் ஆவர். சாண்ட்ரா, பிரிகாம் யங்கின் வழித்தோன்றல். இருவரும் மார்மன் சபையை விட்டு நற்செய்தி நம்பிக்கைக்கு வந்து, மறைக்கப்பட்ட பழைய ஆவணங்களை அச்சிட்டு விற்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டனர். 1977இல் ஸ்பால்டிங் கூற்றைச் சிலர் புதிய சான்றுகளோடு உயிர்ப்பிக்க முயன்றபோது, இவர்களே அதை மறுத்து எழுதினர்.

பெருஞ்சோதனை 1984இல் வந்தது. மார்க் ஹாப்மன் என்னும் ஆவண வணிகர், ஸ்மித்தின் முதற் சீடருள் ஒருவர் 1830இல் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதமொன்றைக் கொண்டுவந்தார். பொன்னேடுகளைக் காத்து நின்றது வானதூதனல்ல, உருமாறிய வெள்ளைப் பல்லி போன்ற ஓர் உயிரே என்பது அதன் செய்தி. மார்மன் சபையின் தோற்றத்தை மாயவித்தையோடு இணைக்க அதனினும் வாய்ப்பான சான்று வேறில்லை. ஆயினும் ஜெரால்டு டானர், அக்கடிதத்தின் கருத்துகள் 1834இல் வெளியான ஹவின் நூலோடு ஐயத்துக்கிடமாக ஒத்திருத்தலைக் கண்டு, அது போலியாயிருக்கலாம் என்று தம் இதழிலேயே அச்சிட்டார். தம் வாதத்துக்கு வலிமை தரும் சான்றைத் தாமே ஐயுற்றார்! 1985 அக்டோபரில் ஹாப்மன் வைத்த குண்டுகளால் இருவர் மாண்டனர்; தொடர்ந்த புலனாய்வில் கடிதம் போலி என்பது வெளிப்பட்டது; 1987இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சபையின் எதிரி எனப் பெயர்பெற்ற மனிதரே, சபையின் அறிஞர் பலர் ஏமாந்த இடத்தில் ஏமாறாதிருந்தார்.

நமது தீர்ப்பு

இவ்வரலாற்றிலிருந்து நாம் காண்பது இது: விட்டுவந்தவர் என்பதனாலேயே ஒருவர் சாட்சியைத் தள்ளவும் கூடாது, விட்டுவந்தவர் என்பதனாலேயே அதைக் கொள்ளவும் கூடாது. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி கூறுதலை விலக்கும் கட்டளை, நாம் தவறென்று கருதும் சபையாரையும் பிறன் என்றே கொள்கிறது. அக்கட்டளை உண்மையை மறைத்து மௌனம் காப்பதற்கும் இடந்தரவில்லை. ஆகவே வெளியேறியவர் பேசலாம். பிறர் இடறி விழக்கூடிய குழியை அறிந்தவராகையால், பேசக் கடமைப்பட்டவராகவும் இருக்கலாம். ஆனால் தாம் விட்டுவந்தவரிடத்துள்ள நன்மையையும் சொல்லுகிறவரே முழுச் சாட்சி.

பரிசேயராய் வளர்ந்த பவுல், தம் இனத்தாருக்குத் தேவனைப்பற்றிய வைராக்கியம் உண்டென அவர்களுக்காகவே சாட்சி கூறுகிறார் (ரோமர் 10:2). அவர்கள்பொருட்டுத் தம் உள்ளத்தில் இடைவிடாத வேதனை உண்டென்கிறார் (ரோமர் 9:2). ஒன்பது ஆண்டுகள் மானிக்கேயரைப் பின்பற்றிய அகஸ்தீன், பின்னர் அவர்களை மறுத்து எழுதியபோது, தாமே அவ்வழியில் நெடுநாள் அலைந்தவராகையால் அவர்கள்மேல் சீற்றங்கொள்ள இயலாதென்று உரைத்தார். இருவரும் மறுப்பில் தளரவில்லை, மறுக்கப்பட்டோரை வெறுக்கவுமில்லை.

இனி ஒன்று நம் மனச்சாட்சிக்கு உரியது. வேறு சபையை விட்டு நம்மிடம் வருகிறவரின் குற்றச்சாட்டை நாம் ஆவலோடு செவிமடுக்கிறோம். நம் சபையை விட்டுச் செல்லுகிறவர் நம்மைக் குறித்துப் பேசும்போது மட்டும், அதைக் கசப்பென்றும் துரோகமென்றும் ஒதுக்குகிறோம். வில்லியம் லாவின் அச்சுப்பொறியை உடைத்த கரங்களை நாம் கண்டிக்கிறோம். நம்மை விட்டுச் சென்றவர் எழுதிய கடிதம் ஒன்று பதில் பெறாமல் நமது ஆலய அலுவலக மேசையில் கிடக்குமானால், முதலில் அதை எடுத்து வாசிப்போமாக.