பக்கத்துக்குள் ஒளிந்திருக்கிற பதிவு

சனசமூக நிலையமோ விளையாட்டுக் கழகமோ, ஆரேனும் வந்து "ஒரு இணையத்தளம் செய்து தாங்கோ" எண்டு கேட்டால், நாங்கள் யோசிக்காமல் எடுக்கிறது வேர்ட்பிரஸைத்தான். 'எங்களைப் பற்றி', 'நிர்வாகம்', 'தொடர்புகளுக்கு' எண்டு நாலு பக்கம், வேலை முடிஞ்சுது. வலைப்பதிவு எழுதுவதற்காகச் செய்த மென்பொருளில், வலைப்பதிவே இல்லாத தளத்தைக் கட்டுகிறோம் என்பது எங்களுக்கு நினைவுக்கே வருவதில்லை. இது இவ்வளவு சாதாரணமாக வருவதற்குக் கனபேர் மினைக்கெட்டிருக்கிறார்கள்.

வலைப்பதிவு மென்பொருளுக்கு முதுகெலும்பு திகதிதான். புதியது மேலே, பழையது கீழே. 1999 ஓகஸ்டில் வந்த புளொக்கரும் சரி, 2001 ஒக்டோபரில் பென் டிரொட், மீனா டிரொட் தம்பதி வெளியிட்ட மூவபிள் ரைப்பும் சரி, அப்படித்தான். ஆனால் ஒரு கழகத்தின் முகவரிக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. வைத்த இடத்தில் அது இருக்கவேண்டும். ஆகவே ஆட்கள் குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். வார்ப்புருவில் திகதி வருகிற வரியை அழித்தார்கள், பின்னூட்டப் பெட்டியை மூடினார்கள். மூவபிள் ரைப்பில் இன்னும் ஒருபடி மேலே போய், தளத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வலைப்பதிவு திறந்து, எல்லாவற்றையும் ஒரே தளம்போல ஒட்டினார்கள். வாசிக்கிற ஆளுக்கு ஒண்டும் விளங்காது.

2004 மே மாதம் இந்த ஒட்டுவேலைக்கு அடி விழுந்தது. மூவபிள் ரைப் 3.0இன் இலவசப் பதிப்பில் ஒரு எழுத்தாளர், மூன்று வலைப்பதிவு மட்டும்தான் என்று அறிவித்தார்கள். மார்க் பில்கிரிம் என்ற எழுத்தாளர் கணக்குப் பார்த்தார். அவருக்கு 535 டொலர் வந்தது. அந்தக் காசை வேர்ட்பிரஸ் செய்தவர்களுக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டு அங்கேயே மாறிப் போனார். அவர் மட்டுமில்லை, பலர் போனார்கள்.

வேர்ட்பிரஸுக்கு அப்போது ஒரு வயசுதான். பி2 என்ற மென்பொருளை எழுதியவர் அதைக் கைவிட்டிருந்தார். ஆனால் அதன் உரிமம் ஆரும் எடுத்துத் தொடரலாம் என்று விட்டிருந்தபடியால், 19 வயசு மற் முல்லன்வெக்கும் இங்கிலாந்தின் மைக் லிற்றிலும் சேர்ந்து 2003 மே 27இல் அதை வேர்ட்பிரஸ் ஆக்கி வெளியிட்டார்கள். ஆட்கள் ஒளிச்சுச் செய்த வேலைகள் பிறகு ஒவ்வொன்றாக மென்பொருளுக்குள்ளேயே வந்தன. 2005 பெப்ரவரியில் 1.5உடன் 'பக்கம்' வந்தது. 2007இல் பதிவுகளுக்குப் பதிலாக ஒரு பக்கத்தையே முகப்பாக வைக்க முடிந்தது. 2010 ஜூனில் 3.0 வந்தபோது, புதிதாகத் திறக்கிற தளங்களில் தானாக விழுகிற 'இன்னுமொரு வேர்ட்பிரஸ் வலைப்பதிவு' என்ற ஆங்கில வரியில், 'வலைப்பதிவு' என்பதை எடுத்து 'தளம்' என்று போட்டார்கள். எங்களுக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தது இந்த ஒரு சொல் மாற்றம்தான்.

ஆனால் உள்ளே திறந்து பாருங்கோ. தரவுத்தளத்தில் பக்கங்களுக்கென்று தனி அட்டவணை இல்லை. 'எங்களைப் பற்றி'யும் பதிவுகளின் அட்டவணையில்தான், 'பக்கம்' என்ற அடையாளத்தோடு இருக்கிறது. திகதியும் இருக்கிறது. நாங்கள்தான் காட்டாமல் விடுகிறோம். நாங்கள் செய்து கொடுத்த ஒரு தளத்தில் 'தற்போதைய நிர்வாகம்' என்ற பக்கத்தை அப்படித் திறந்தபோது, அது ஆறு வருசம் பழசு. வெளியிலே பார்க்கிற ஆருக்கும் அது இண்டைக்கு எழுதினது மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

இப்போது பக்கங்களின் அடியில் 'கடைசியாகத் திருத்திய திகதி' என்று ஒரு வரி போடத் தொடங்கியிருக்கிறோம். அந்தக் கழகத் தலைவருக்கு அது பிடிக்கேல்லை.